‘ரி’ வளைவில் சொன்ன வார்த்தை

அத்தியாயம் 12

ஏரிக்கரையில் வைத்து மகள் ரிகோவிடம் சொல்லிவிடுவது என்று சயோகோவும் மித்சுருவும் போன வாரம் முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்கள் இரண்டு பேர். சனிக்கிழமை காலையில் காரில் ஏறியவர்களோ நான்கு பேர்.

நான்காவது ஆள் மித்சுருவின் அக்கா யசுவே. அவளை யாரும் கூப்பிடவில்லை. தொலைபேசியில் அத்தையிடம் வாயளந்துகொண்டிருந்த ரிகோதான், "மலைக்கு இலை பாக்கப் போறோம் அத்தை" என்று உளறி வைத்தாள். அடுத்த நிமிடமே தம்பிக்கு அழைப்பு வந்துவிட்டது.

"ஏன் மித்சுரு, கானுமா என்ன கண்காணாத தேசமா? வண்டியில பின்னாடி ஒரு இடம் சும்மாதானே வருது, அக்காவை ஒரு வார்த்தை கேப்போம்னு உனக்குத் தோணலையே?"

"மறந்துட்டேன் அக்கா."

"உன் பெண்டாட்டியும் மறந்துட்டாளாக்கும்!"

பக்கத்தில் நின்றிருந்த பெண்டாட்டி மென்று விழுங்கினாள். வேறென்ன செய்ய முடியும்? வர வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, அவர்கள் வீடு இருக்கும் உட்சுனோமியாவிலிருந்து நேரே மலைக்குப் போக வேண்டிய வண்டி கானுமாவுக்குப் போயிற்று. அங்கே யசுவே புருவம் வரைந்து, பலகாரப் பையை நிரப்பி, அடுப்பை அணைத்தோமா என்று ஒரு தரம் உள்ளே போய், குடைக்காக இன்னொரு தரம் உள்ளே போய், ஒருவழியாக ஏறினாள். இலை சிவக்கிற வாரத்தில் பொழுது விடியும் முன்பே மலையடியில் இருக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். டோக்கியோக்காரர்கள் செய்கிற தப்பை அன்றைக்கு உள்ளூர்க்காரர்கள் செய்தார்கள்.

நிக்கோ ஊரைத் தாண்டியதுமே வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன.

"பாத்தீங்களா," என்றாள் யசுவே, தனக்கும் அந்தத் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லாதவள் போல. "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கணும்."

மித்சுரு பக்கத்து இருக்கையில் இருந்த சயோகோவைப் பார்த்தான். பழைய நாளாக இருந்தால் இரண்டு பேரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியிருப்பார்கள். அவன் பார்த்தான், அவளும் பார்த்தாள், அவ்வளவுதான். அப்புறம் அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன சண்டை என்று கேட்டால், சண்டையே இல்லை. கம்பெனி மித்சுருவை வடக்கே அனுப்பியது. மூன்று வருடம் அவன் அங்கே ஒற்றை அறையில் தனியாக இருந்தான். சயோகோ இங்கே பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டு ரிகோவை வளர்த்தாள். இந்த வசந்தத்தில் அவன் திரும்பி வந்தபோது, செருப்பு எங்கே வைப்பது, எந்தத் துண்டு தன்னுடையது என்று கேட்டுக்கொண்டு நின்றான். அவள் பதில் சொன்னாள். அதற்கு மேல் பேச இரண்டு பேரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது வீட்டில் சத்தம் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை நகராட்சி அலுவலகம் போகிறார்கள். கையெழுத்து, முத்திரை, முடிந்தது. முடியாமல் நின்றது ஒரே ஒரு விஷயம், ரிகோ.

பிரிந்துவிட்டால் பிள்ளை ஒருவர் பக்கம்தான். அங்கே சட்டம் அப்படி. இந்த வாரம் அம்மா வீடு, அடுத்த வாரம் அப்பா வீடு என்பதெல்லாம் நடப்பதில்லை. மற்றவர் கொஞ்ச நாள் வந்து பார்ப்பார், அப்புறம் வாழ்த்து அட்டை அனுப்புவார், அப்புறம் அதுவும் நின்றுவிடும். பள்ளி விளையாட்டு விழாவில் வேலிக்கு வெளியே நின்று பிள்ளையின் ஓட்டப்பந்தயத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் போன ஒரு தகப்பனை சயோகோவே பார்த்திருக்கிறாள். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ரிகோவையே கேப்போம்," என்று மித்சுரு சொல்லியிருந்தான். "அவ யாரைச் சொல்றாளோ அவங்ககிட்ட இருக்கட்டும். அதுக்கப்புறம் பேச்சு இல்லை."

சயோகோ சரியென்றாள். பதில் என்னவென்று அவளுக்குத் தெரியும் என்பதால் சரியென்றாள். எட்டு வயதுப் பெண் குழந்தை யாரைச் சொல்லும்?

*

இரோஹா மலைப்பாதை ஏறத் தொடங்கியது. ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு வேறொரு பாதை. உள்ளே நுழைந்தால் உச்சிக்குப் போய்த்தான் திரும்ப முடியும். பாதி வழியில் மனசு மாறினால் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இந்த வருடம் இலைகளும் சரியில்லை. கோடை நீண்டு விட்டது. சிவக்க வேண்டிய மேப்பிள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தது. போன மாதப் புயல் வேறு பாதி மரங்களை மொட்டையடித்துவிட்டிருந்தது. இருந்தாலும் எல்லா வண்டிச் சன்னல்களிலிருந்தும் கைகள் நீண்டு படம் எடுத்தன.

"இதைப் பாக்கத்தான் இவ்வளவு கூட்டமா?" என்றாள் யசுவே. "எங்க வீட்டுப் பின்னாடி இருக்கற மரம் இதைவிட நல்லாருக்கு. குப்பையும் அதுதான் போடுது."

தடுப்புக் கம்பியின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து வண்டிக்குள் பார்த்தது.

"அத்தை, குரங்கு உங்களையே பாக்குது!"

"பாக்கட்டும். அதுவும் நம்மளைப் பாக்கத்தான் வருஷா வருஷம் வருது போல. பலகாரப் பையை மட்டும் கீழே வை, அது கண்ணுல படாம."

ரிகோ சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கேட்டு சயோகோ திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் இந்தச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு விளையாட்டு சொல்றேன்," என்றாள் ரிகோ. "வளைவுக்கு வளைவு ஒரு எழுத்து வரும்ல? பலகையில இருக்கற எழுத்துல ஆரம்பிக்கற வார்த்தை சொல்லணும். ஒரு வளைவுக்கு ஒரு ஆள். ‘ன்’-ல முடிஞ்சா தோத்தாச்சு."

அந்த மலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஓர் எழுத்து. பழைய அரிச்சுவடி வரிசையில் இ, ரோ, ஹ என்று பலகை நட்டிருக்கும். ‘ன்’னில் முடியும் வார்த்தையைச் சொன்னால் தோல்வி என்பது அங்கே பேசப் பழகிய பிள்ளைகள் அத்தனைக்கும் தெரிந்த விதி.

"இ! நான்தான் முதல்ல. இனு!" நாய்.

அடுத்த வளைவுக்கு வண்டி ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருக்கலாம். யசுவே ‘ரோ’வுக்கு மெழுகுவத்தியைச் சொன்னாள். ரோசோகு.

‘ஹ’ மித்சுருவுக்கு. "ஹஷி," என்றான்.

"எந்த ஹஷி? பாலமா, சாப்பிடற குச்சியா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும்னு சொல்லக் கூடாதுப்பா. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

மித்சுரு ஸ்டியரிங்கில் விரலைத் தட்டினான். "பாலம்," என்றான்.

‘நி’க்கு சயோகோ வானவில்லைச் சொன்னாள். ‘ஹோ’வுக்கு ரிகோ மின்மினியைச் சொன்னாள். ‘ஹே’ வந்ததும் யசுவே காத்திருந்தவள் போல, "ஹே!" என்று அந்த ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொண்டாள். அந்த எழுத்து தனியாக நின்றால் பின்பக்கத்துக் காற்று என்று அர்த்தம். ரிகோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அக்கா!" என்றான் மித்சுரு.

"ஏன், அது வார்த்தை இல்லையா? உனக்கு வர்றதே இல்லையா?"

அவன்கூடச் சிரித்துவிட்டான். ஒரு நிமிடம் அந்தச் சின்னக் காருக்குள் நான்கு பேரும் ஒரு குடும்பமாக இருந்தார்கள். சயோகோ ஆசையாக அந்த நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படியே வண்டி நகராமல் நின்றுவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

மித்சுரு டோஃபு என்றான். சயோகோவுக்கு ‘சி’ வந்தது. "சிகாரா," என்றாள். பலம்.

அடுத்த வளைவில் பலகை தெரிந்தது. ‘ரி’. ரிகோவின் முறை.

"ரிங்கோ!" என்று எடுத்துக் கொடுத்தாள் அத்தை. "ஆப்பிள் இருக்கே, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம். சொல்லு சொல்லு!"

ரிகோ பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிகோன்," என்றாள்.

"ஐயய்யே, ன்-ல முடிஞ்சுடுச்சு! தோத்தாங்குளி, தோத்தாங்..." யசுவேயின் சிரிப்பு பாதியில் நின்றது. அவளுக்கு அப்போதுதான் வார்த்தை காதில் ஏறியது. ரிகோன் என்றால் விவாகரத்து.

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. மித்சுரு நகரவில்லை. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்.

"என்னடி வார்த்தை இது?" என்றாள் யசுவே. "எங்கே கத்துக்கிட்டே?"

"வீட்லதான்."

"ரிகோ," என்றாள் சயோகோ.

"பாருங்க, இப்படித்தான்," என்றாள் ரிகோ அத்தையிடம். "அப்பாவும் அம்மாவும் சமையலறையில ரிகோ, ரிகோன்னு பேசிக்குவாங்க. கூப்பிடறாங்கன்னு நான் போவேன். போனா, கூப்பிடலையே, போய்த் தூங்கும்பாங்க. என்னைப் பத்தித்தான் பேசறாங்கன்னு நினைச்சேன். நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன், அதான் அம்மா அழறான்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் கதவுக்கிட்டயே நின்னு கேட்டேன். பின்னால ஒரு ‘ன்’ இருந்துச்சு."

மித்சுரு வண்டியை எடுத்தான். இரண்டு தடவை குலுங்கிவிட்டு நகர்ந்தது.

நடந்தது சயோகோவுக்குத் தெரியும். அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம்தான் அது. மாடிப்படியில் காலடி கேட்டதும் வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். ரிகோன் என்பது ரிகோ ஆகிவிடும். பிள்ளையைத்தான் கூப்பிட்டோம் என்று சமாளித்துவிடலாம். ஒரு தடவை அப்படித் தப்பித்தபோது மித்சுரு, "நல்ல வேளை, பேரு கை கொடுத்துச்சு" என்றுகூடச் சொன்னான். பிறந்தபோது ஆசையாகத் தேடி வைத்த பெயர்.

வெயில் காலம் முழுக்க ரிகோ திடீரென்று சமர்த்தாகிவிட்டிருந்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் தானே கழுவினாள். குளியலறைச் செருப்பை வரிசையாக வைத்தாள். சொல்லாமலே வீட்டுப்பாடம் எழுதினாள். வளர்ந்துவிட்டாளே என்று சயோகோ வேலை செய்யும் இடத்தில் பெருமையடித்துக்கொண்டாள். இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மித்சுரு," என்றாள் யசுவே. "குழந்தை என்னடா சொல்லுது?"

"மேலே போய்ப் பேசிக்கலாம் அக்கா."

"மேலே போய் என்னடா பேசறது? இங்கேயே சொல்லு. இறங்கி ஓடவா போறேன்? இந்த வரிசையில மாட்டிக்கிட்டு அழக்கூட இடம் இல்ல எனக்கு."

"திங்கட்கிழமை கையெழுத்துப் போடறோம்."

யசுவே பலகாரப் பையை மடியிலிருந்து கீழே வைத்தாள். எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணு வருஷம்," என்றாள். "மூணு வருஷம் தனியா வெந்ததும் வேகாததுமா தின்னுட்டு, எலும்பும் தோலுமா வந்தான் என் தம்பி. வந்தவனுக்கு இதுதான் வரவேற்பா?"

"நானும் மூணு வருஷம் தனியாத்தான் இருந்தேன் அக்கா," என்றாள் சயோகோ.

"உனக்குக் குழந்தை இருந்துச்சே!"

"அக்கா, போதும்," என்றான் மித்சுரு.

யசுவே நிறுத்திக்கொண்டாள். மீதி வளைவுகளில் யாரும் எந்த எழுத்தையும் படிக்கவில்லை. ரிகோ மட்டும் அத்தையின் முகத்தைப் பார்த்தாள், அம்மாவின் பின்கழுத்தைப் பார்த்தாள், கண்ணாடியில் தெரிந்த அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். ஏதோ கணக்குப் போடுகிற பிள்ளை மாதிரி அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

*

ஏரி இருக்கும் இடத்தில் மூடுபனிதான் இருந்தது. தண்ணீர் அலையடிக்கும் சத்தம் கேட்டது, தண்ணீரைக் காணவில்லை. இவ்வளவு தூரம் வந்து ஒன்றையும் பார்க்காத கூட்டம், பார்த்தது போலவே கடைகளில் மொய்த்துக்கொண்டிருந்தது.

யசுவேக்கு உடனே கழிவறை போக வேண்டும். ரிகோவுக்கும்தான். அத்தை மூட்டுவலியோடு மெல்ல மெல்ல இறங்கினாள். ரிகோ காரின் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தாள்.

மித்சுரு சயோகோவை வண்டியின் அந்தப் பக்கம் கூப்பிட்டான்.

"நீயே கூட்டிட்டுப் போய்க் கேட்டுடு," என்றான் தணிந்த குரலில். "என் முன்னால வேண்டாம். என் மூஞ்சியைப் பாத்தா, பாவம்னு ஏதாவது சொல்லிடுவா. அப்படிச் சொல்லி அவ வர வேண்டாம்."

"அவளுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. இன்னைக்கே கேக்கணுமா?"

"தெரிஞ்சதுக்கப்புறம் காக்க வெச்சா அதுதான் பெரிய கொடுமை." அவன் சட்டைப் பையில் எதையோ தேடுவது போலக் கையை விட்டான். "உன்கிட்டதான் இருக்கேன்னு சொல்லுவா. எனக்குத் தெரியும். சும்மா கேட்டுடு. அவ வாயால ஒரு தடவை கேட்டுட்டா நான் ஒத்துக்குவேன். அப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

கெட்டவனாக இருந்திருந்தால் சயோகோவுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பெண்கள் கழிவறைக்கு வரிசை கடையைச் சுற்றி வளைந்து நின்றது. சயோகோவும் ரிகோவும் கடைசியில் போய் நின்றுகொண்டார்கள். குளிரில் ரிகோவின் மூக்கு சிவந்திருந்தது. சயோகோ தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவளுக்குச் சுற்றினாள்.

"ரிகோ, அம்மா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"யார்கூட இருக்கேன்னுதானே?"

முன்னால் நின்ற பெண்மணி காது கேளாதவள் போல நிமிர்ந்து நின்றாள்.

"எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணோட அப்பா அம்மாவும் பிரிஞ்சுட்டாங்க," என்றாள் ரிகோ. "அவளையும் கேட்டாங்களாம். நான் யோசிச்சு வெச்சுட்டேன். நேத்து வரைக்கும் உன்கூடன்னுதான் நினைச்சேன்."

"இப்ப?"

"அப்பாகூட."

வரிசை நகர்ந்தது. ரிகோ நகர்ந்தாள். சயோகோவின் கால்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அத்தை வண்டியில சொன்னாங்கல்ல," என்றாள் ரிகோ. "உனக்குக் குழந்தை இருந்துச்சேன்னு. ஆமால்ல? அப்பா மூணு வருஷம் நான் இல்லாம இருந்தாரு. நீ மூணு வருஷம் என்னோட இருந்தே. இப்பவும் உன்கூடவேன்னா நியாயமே இல்லையே. ஸ்கூல்ல சாப்பாடு பரிமாற ஒரு வாரம் ஒரு குழு, அடுத்த வாரம் அடுத்த குழு. ஒரே குழு பண்ணா டீச்சர் திட்டுவாங்க."

"ரிகோ..."

"மூணு வருஷம்தான். அப்புறம் மறுபடி உன்கிட்ட வந்துடுவேன். அஞ்சாங்கிளாஸ் முடிஞ்சதும். அப்ப உன் முறை."

அப்படி ஒரு முறை வராது. வரவே வராது. மூன்று வருடம் கழித்து இந்தக் குழந்தை வேறு ஊரில், வேறு பள்ளியில், வேறு யாரோ பின்னிவிட்ட சடையோடு நிற்கும். தான் வேலிக்கு வெளியே நின்று ஓட்டப்பந்தயத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக வேண்டியதுதான். இதை அவளிடம் சொல்ல சயோகோ வாயைத் திறந்தாள். சொன்னால் ரிகோ மாற்றிச் சொல்லிவிடுவாள், நிச்சயம். அப்புறம் அப்பாவை நினைத்து ராத்திரி ராத்திரி விழித்திருப்பாள்.

"உனக்கு அம்மாவைப் பிடிக்கலையா?" என்றுதான் வாயில் வந்தது. கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்கக்கூடாத கேள்வி அது ஒன்றுதான்.

"பிடிக்கும்," என்றாள் ரிகோ, இது என்ன கேள்வி என்பது போல. "அதனாலதான் நிறைய நாள் உன்கூட இருந்துட்டேனே."

அவள் முறை வந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சயோகோ சுவரில் சாய்ந்து நின்றாள். அடுத்தவள் மெதுவாக, "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்று கேட்டாள். சயோகோ கையால் வழிகாட்டினாள்.

*

ரிகோ கைகழுவிவிட்டு வந்ததும், "அத்தை எங்கே?" என்று தேடிக்கொண்டு பலகாரக் கடைப் பக்கம் ஓடினாள். சயோகோ தனியாகக் காருக்கு நடந்தாள். மூடுபனியில் எல்லாக் கார்களும் ஒன்று போலவே இருந்தன. தங்களுடையதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள்.

நடந்து வரும்போது ஒரே ஒரு எண்ணம்தான் ஓடியது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ‘உங்ககூட இருக்கேங்கறா’ என்று சொன்னால் போதும், மித்சுருவின் முகம் மூன்று வருடத்துக்குப் பிறகு மலரும். அவன் அதற்குத் தகுதியானவன்தான். நல்ல தகப்பன். சோற்றைக் குழைய விடுவான், பிள்ளையை வாட விடமாட்டான். சொல்லிவிட வேண்டியதுதான்.

மித்சுரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"என்கூடவே இருக்கேன்னு சொன்னா," என்றாள் சயோகோ.

எவ்வளவு சுலபமாக வந்தது! நடுங்கக்கூட இல்லை. மித்சுரு தலையை ஆட்டினான். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தான். "ம். தெரிஞ்சதுதானே," என்றான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். அப்புறம் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்து, முகத்தைச் சரிசெய்துகொண்டான்.

சயோகோ திரும்பினாள். ரிகோ நின்றிருந்தாள். கையில் ஆவி பறக்கும் பலகாரம். கடையில் அவ்வளவு சீக்கிரம் வாங்கிவிடுவார்கள் என்று யார் கண்டது?

மித்சுரு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"ரிகோ, அம்மாகிட்ட சொன்னியா? நல்லதுடா. அப்பாவுக்குக் கோவமே இல்லை. நீ அம்மாவைப் பாத்துக்கணும், சரியா?"

ரிகோ அம்மாவைப் பார்த்தாள். சயோகோ தலையாட்டவும் இல்லை, கண்ணை விலக்கவும் இல்லை. பிள்ளையிடம் என்ன கெஞ்சினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் கெஞ்சினாள்.

"ஆமாப்பா," என்றாள் ரிகோ. "நான்தான் சொன்னேன்."

மித்சுரு அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தான். முழங்காலைத் தட்டிக்கொண்டு சாவியைத் தேடினான். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ரிகோவுக்கு நாலடி பின்னால் நின்றிருந்த யசுவே மெல்ல வந்து சேர்ந்தாள். சயோகோவின் கையில் ஒரு பலகாரத்தைத் திணித்தாள். தம்பி அந்தப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, உதடு அசையாமல் பேசினாள்.

"வரிசையில உங்களுக்கு ரெண்டு பேர் பின்னாடிதான் நின்னேன் சயோகோ, அப்புறம் தாங்காமதான் கடைப் பக்கம் போயிட்டேன். மூட்டுதான் எனக்குச் சரியில்ல. காது நல்லாக் கேக்குது."

"அக்கா..."

"ஏறு. வண்டியை எடுக்கறான்."

நான்கு பேரும் ஏறினார்கள். பனி விளக்கு வெளிச்சத்தில் வண்டி இறங்கும் பாதைக்குத் திரும்பியது. யசுவே பலகாரத்தைப் பிட்டாள், சாப்பிடவில்லை. மித்சுரு துடைப்பானை ஓடவிட்டு, சாலையைப் பார்ப்பதில் முழுக் கவனமாக இருந்தான். அவன் கழுத்தில் நரம்பு தெரிந்தது.

ரிகோ பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு முன்னிருக்கையை நோக்கி எம்பினாள். அம்மாவின் காதில் வாயை வைத்தாள். சூடான மூச்சில் இனிப்பு வாசனை அடித்தது.

"அப்பாகிட்ட நான் சொல்லவே மாட்டேம்மா," என்றாள். "நீ பயப்படாதே."